அவர் மேல் தப்பில்லை என்று சொல்லி நாங்கள் போட்ட வழக்கு

ஊரப்பாக்கத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோதே தெருக்கோடியில் அந்த ஐஸ் கம்பெனி இருந்தது. மீன் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் அங்கிருந்துதான் ஐஸ் பார் போகும். காலையில் சாக்குப் போட்டு மூடிய குட்டி யானை லோடு வண்டிகள் தண்ணீர் சொட்டச் சொட்ட ஜிஎஸ்டி ரோடு பக்கம் போகும். அவற்றுக்கு ஒதுங்கி வழிவிட்டபடி நான் ஸ்டேஷனுக்கு நடப்பேன். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். ஐஸ் கம்பெனிக்காரரின் மகள் என்னிடம் படித்தவள். அவர் எதிரே வந்தால் பைக்கை நிறுத்தி, "வணக்கம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

அது ஒரு சனிக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் டூட்டிக்குப் போயிருந்தார். நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் புதிதாக அபார்ட்மென்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு எம்-சாண்ட் மணல் ஏற்றி வந்த லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ இடிந்து விழுந்த சத்தம். லாரி முன்பக்கமாகக் கிளம்பி வேகமாகப் போனது. கம்பெனியின் சுற்றுச்சுவரில் ஒரு பகுதியைக் காணோம். சுவரை ஒட்டிப் போன குழாயின் மேல் செங்கல் கிடந்தது. அந்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு புகை எழுந்தது.

மூக்கில் ஏறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மோனியா. நிறமற்றது, கார நெடி உள்ளது, காற்றைவிட லேசானது, தண்ணீரில் எளிதாகக் கரையும். வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போடுகிற வரிகள். வெள்ளையாகத் தெரிந்தது அதன் குளிரில் உறைந்த காற்றின் ஈரம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று உலர்த்திய துணிகளைப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் வீசவில்லை. எதிர்வரிசையைப் பார்த்து வீசியது. நான் பின்கதவு வழியாக அடுத்த தெருவுக்குப் போயிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது.

எதிர்வீட்டு முதல் மாடியில் ஒரு பெண் குடியிருந்தாள். நிறைமாதம். அவள் கணவனும் வேலைக்குப் போயிருந்தான். பால்கனிக்கு வந்தவள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "அக்கா, கண்ணு எரியுதுக்கா" என்று கத்தினாள். லேசான வாயு மேலேதான் போகும். தரையில் நிற்பவர்களைவிட அவளுக்குத்தான் ஆபத்து.

பக்கெட்டில் அலசிப் பிழியாமல் வைத்திருந்த இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒன்றை என் முகத்தில் சுற்றிக்கொண்டு அவள் வீட்டு மாடிப்படி ஏறினேன். படி குறுகல், அவள் பயத்தில் கைப்பிடியை விடமாட்டேன் என்றாள். இன்னொரு துண்டை அவள் முகத்தில் கட்டி, அவளை என் முன்னால் விட்டு, தோளைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினேன். பாதி வழியில் அவளுடைய துண்டு அவிழ்ந்து கீழே விழுந்தது. என்னுடையதைக் கழற்றி அவளுக்குக் கட்டினேன். அதன் பிறகு தெருமுனை வரை நான் வெறும் மூக்காலும் வாயாலும்தான் மூச்சு வாங்கினேன்.

அவள் பிழைத்தாள், குழந்தையும் நல்லபடியாகப் பிறந்தது. தெருவில் பலருக்குக் கண் எரிச்சலும் வாந்தியும் ஒரு நாளோடு போயின. எனக்குக் குரல்வளை வெந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்துப் பேச வாய் திறந்தபோது காற்றுதான் வந்தது. மெல்ல மெல்லச் சத்தம் திரும்பியது. ஆனால் அது என் சத்தம் இல்லை. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி ஒன்று. நான் சர்ச் கொயரில் சோப்ரானோ, அதாவது உச்சஸ்தாயிக் குரல், பாடியவள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாடிக்கொண்டிருந்தேன். இனி பாட முடியாது, வகுப்பிலும் தொடர்ந்து பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது நான் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டேன்.

ஐஸ் கம்பெனிக்காரர் தினமும் வந்தார். உள்ளே வர மாட்டார். வார்டு வாசலில் நின்று நர்ஸிடம் விசாரித்துவிட்டுப் போவார். ஒருநாள் என் கண்ணில் பட்டுவிட்டார். கைகாட்டிக் கூப்பிட்டேன்.

"டீச்சர், போன மாசம்தான் குழாய் எல்லாம் செக் பண்ணோம்" என்றார். "சுவர் இல்லாம வெச்சிருந்தா என் மேல தப்பு. சுவர் கட்டித்தான் வெச்சிருந்தேன். அந்த லாரிக்காரன்..." கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

லாரி கிடைக்கவே இல்லை. நம்பரை யாரும் பார்க்கவில்லை. கட்டடக்காரர் தான் அந்த நேரத்துக்கு லோடு சொல்லவே இல்லை என்று சாதித்தார்.

வழக்குப் போடலாம் என்று சொன்னது என் தங்கை. என்னைவிட எட்டு வயது இளையவள். செங்கல்பட்டு கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிறாள். அப்போது ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்தாள். தனியாக ஒரு பெரிய வழக்கை நடத்தியதில்லை. எனக்குச் சமைத்துப் போட லீவு எடுத்துக்கொண்டு வந்து தங்கியிருந்தவள், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"வேணாம்" என்றேன். அப்போது எனக்குச் சின்னச் சின்ன வார்த்தைகள்தான் பேச முடியும். "அவர் மேல தப்பில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கற?"

"தப்பு இருக்குன்னு நாம சொல்லவே போறதில்லக்கா."

நான் புரியாமல் பார்த்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஒருவரால் நேர்ந்த கெடுதலுக்கு நஷ்ட ஈடு கேட்கும் தீங்கியல் சட்டத்தை எனக்கு அவள் விளக்கியது அந்தச் சமையல்கட்டில்தான். இன்று வரை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"சாதாரணமா ஒருத்தர்கிட்ட நஷ்ட ஈடு கேட்டா, அவர் கவனமா இல்லைன்னு நாம நிரூபிக்கணும். பைக்கை ராங் சைடுல ஓட்டினார், இடிச்சார். அது தப்பை வெச்சு வர்ற பொறுப்பு. இங்க அது இல்ல. அவர் எல்லாம் சரியாத்தான் செஞ்சார்."

"ம்."

"ரெண்டாவது வகை, ஸ்ட்ரிக்ட் லயபிலிட்டி, தப்பு இல்லாமலே வர்ற பொறுப்பு. இங்கிலாந்துல ஒருத்தர் தன் நிலத்துல தண்ணி தேக்கினார். அடியில பழைய சுரங்கக் குழி இருந்தது அவருக்குத் தெரியாது. தண்ணி அது வழியா இறங்கிப் பக்கத்து ஆளோட சுரங்கத்தை மூழ்கடிச்சுடுச்சு. அவர் மேல தப்பில்ல. ஆனாலும் கோர்ட்டு சொல்லுச்சு: வெளிய வந்தா கெடுதல் பண்ற பொருளை நீ கொண்டு வந்து வெச்சே, அது தப்பிச்சு வந்தா நீதான் பொறுப்பு. ஆனா அதுல விலக்கு உண்டு. புயல், வெள்ளம் மாதிரி இயற்கை செஞ்சதுன்னா தப்பிக்கலாம். மூணாவது மனுஷன் செஞ்சதுன்னா தப்பிக்கலாம்."

"லாரி."

"ஆமா, லாரி. அங்கதான் நாம மாட்டிப்போம். ஆனா நம்ம நாட்டுல மூணாவது ஒண்ணு இருக்கு. போபாலுக்கு அப்புறம் டில்லியில ஒரு ஆலையில அமிலப் புகை கசிஞ்சுது. அப்ப சுப்ரீம் கோர்ட்டு, அந்த இங்கிலாந்து விதி குதிரை வண்டிக் காலத்து விதி, நமக்குப் பத்தாதுன்னு சொல்லிட்டுது. ஆபத்தான தொழிலை நடத்தி லாபம் பாக்கறவங்க, அதனால யாருக்காவது கெடுதல் வந்தா பொறுப்பேத்துக்கணும். விலக்கே கிடையாது. புயல்னு சொல்ல முடியாது, லாரின்னு சொல்ல முடியாது. அப்சொல்யூட் லயபிலிட்டி. முழுப் பொறுப்பு." நறுக்கிய பீன்ஸை வாணலியில் போட்டாள். "அது அவரைக் கெட்டவர்னு சொல்லல. அம்மோனியா அவரோடது, ஐஸ் வித்த லாபம் அவரோடது, அப்ப நஷ்டமும் அவரோடதுன்னு சொல்லுது. இல்லைன்னா அந்த நஷ்டம் யாரோடது? உன்னோடதா?"

இரண்டு நாள் யோசித்தேன். பக்கத்து அறையில் அவள் போனில் கேஸ் தீர்ப்புகளைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருவரைக் குற்றம் சொல்லாமல் என் நியாயத்தைக் கேட்க ஒரு வழி இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சரி என்றேன்.

அவளுடைய சீனியருக்கு இது பிடிக்கவில்லை. நல்ல மனிதர், அனுபவஸ்தர். "கவனக்குறைவுன்னும் ஒரு பத்தி சேர்த்துடும்மா" என்றார். "பராமரிப்பு சரியில்ல, குழாய் பழசு, இப்படிப் பொதுவா. உன் முழுப் பொறுப்பு வாதத்தை ஜட்ஜ் ஏத்துக்கலன்னா அது கை கொடுக்கும். எல்லாரும் செய்யறதுதான்."

வழக்கு மனுவான பிராதின் கடைசியில் வாதி கையெழுத்துப் போட வேண்டும், மேலே சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று. நான் அந்தப் பத்திக்குக் கீழே கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். சீனியர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"சார், பத்தி வேணாம்" என்றாள் தங்கை. "என் கேஸ் ஒரே கால்லதான் நிக்கும். பரவாயில்ல."

"விழுந்தா?"

"விழுந்தா நான்தான் சார் பதில் சொல்லணும். எங்க அக்காவுக்கு."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, "நீயே நடத்து" என்றார். அப்படித்தான் அது அவளுடைய முதல் வழக்காயிற்று.

சோதனை அதோடு விடவில்லை. கம்பெனியிலிருந்து முன்பே நிறுத்தப்பட்ட ஒருவர் ஒரு மாலை வீடு தேடி வந்தார். அவருக்கு முதலாளி மேல் ஆறாத கோபம். "இன்னா டீச்சர், நா வந்து சாட்சி சொல்றேன். அந்த வால்வு துருப் புடிச்சிகினு கெடந்துது. கோர்ட்டுல சொன்னா ஆளு க்ளோஸ்" என்றார்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று தங்கை கேட்டாள்.

"நா நின்னே ரொம்ப நாளாச்சுக்கா. ஆனா அப்டித்தான் கீது, பாத்துக்க."

அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம். அவர் போன பிறகு தங்கை டம்ளரைக் கழுவி வைத்தாள். அந்தச் சாட்சி இருந்தால் வழக்கு எவ்வளவு சுலபம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். "நல்லாத்தான் பேசறார்" என்றாள் தங்கை கடைசியில், வருத்தமாக. நான் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

வழக்கு இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறிச் செங்கல்பட்டு போவோம். ஐஸ் கம்பெனிக்காரர் ஒன்றாவது பிரதிவாதி, அவருக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனம் இரண்டாவது. உண்மையில் சண்டை போட்டது இரண்டாவதுதான். அவர்களுடைய வக்கீல் நல்ல உயரம், நிதானமான பேச்சு. கூண்டில் நின்ற என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர்தானே?"

"ஆமாம்."

நீதிபதி, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றார்.

"இதுதான் சார் என் சத்தம்" என்றேன். அவர் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, என் மைக்கை இன்னும் பக்கத்தில் நகர்த்தி வைக்கச் சொன்னார்.

"அம்மோனியா உள்ள போனா என்ன ஆகும்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயு வந்த பக்கமாத்தான் போனீங்க. யாரும் உங்களைப் பிடிச்சுத் தள்ளல."

"தள்ளல."

"அப்ப உங்களுக்கு நேர்ந்தது, ஆபத்து தெரிஞ்சு நீங்களா விரும்பி ஏத்துக்கிட்டது. சரிதானே?"

தங்கை எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"அந்த வாயுவை நான் விரும்பல சார். மேல ஒரு பொண்ணு நிறைமாசமா நின்னுட்டிருந்தா. எனக்குத் தெரிஞ்சதாலதான் நான் போனேன். தெரியாதவங்க போயிருந்தா ஈரத் துணி எடுத்துக்காம போயிருப்பாங்க. அப்ப ரெண்டு பேருமே கீழ வந்திருக்க மாட்டாங்க."

அவர் கையிலிருந்த தாளை மடித்தார். "தட்ஸ் ஆல்" என்று உட்கார்ந்துவிட்டார். கூண்டிலிருந்து இறங்கி நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஐஸ் கம்பெனிக்காரர் கூண்டேறிய நாளை நான் மறக்க மாட்டேன். அவர் தரப்பில் பராமரிப்பு ரசீதுகளும் சான்றிதழ்களும் கட்டுக்கட்டாகத் தாக்கல் ஆகின. ஒவ்வொன்றையும் என் தங்கை எப்படி உடைக்கப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் எழுந்து, "இந்த ஆவணங்கள் எதையும் நாங்கள் மறுக்கவில்லை. முதல் பிரதிவாதி கவனமாகத்தான் நடந்துகொண்டார்" என்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பிறகு கூண்டில் நின்ற ஐஸ் கம்பெனிக்காரரிடம் திரும்பினாள். குரலில் அதட்டல் இல்லை.

"உங்க டேங்க்ல இருந்தது அம்மோனியாவா?"

"ஆமாங்க."

"அது இல்லாம உங்க கம்பெனியில ஐஸ் கட்டுமா?"

"கட்டாது."

"வெளிய வந்தா மனுஷங்களுக்கு ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"சுத்தி வீடுங்க இருக்கு."

"இருக்கு."

"எங்க அக்கா... வாதி சுவாசிச்ச அம்மோனியா உங்க குழாயில இருந்து வந்ததுதானா?"

அவர் என்னைப் பார்த்தார். "என்னுதுதாங்க" என்றார். வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்த பதில் அது இல்லை என்பது அவர் வக்கீலின் முகத்திலேயே தெரிந்தது.

"வேறு கேள்வி இல்லை" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். என் மடியில் வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்த பெண் அவள். கறுப்பு கோட்டில் அவள் முதுகைப் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாதத்தின்போது எதிர்த்தரப்பு இரண்டு விஷயம் சொன்னது. இடித்தது லாரி, மூன்றாம் மனிதர் செயல், அதனால் பொறுப்பில்லை. டில்லி விதி பெரிய ரசாயன ஆலைகளுக்கு; மீனுக்கு ஐஸ் போடும் சின்னக் கம்பெனிக்கு அது பொருந்தாது. முதலாவதற்குத் தங்கை, அந்த விலக்கையெல்லாம் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது என்று வரி வரியாகப் படித்துக் காட்டினாள். இரண்டாவதற்கு அவள் சொன்னது எனக்கு மனப்பாடம்: "தொழில் சின்னதா பெரிசா என்பது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கான கேள்வி. கொடுக்க வேண்டுமா என்பதற்கு, பொருள் ஆபத்தானதா என்பது மட்டும்தான் கேள்வி. சின்னக் குழாயிலிருந்து வந்தது என்பதற்காக அம்மோனியா மெதுவாகச் சுடாது."

ஜெயித்தோம். லாரி எங்கே போயிருந்தாலும் முழுப் பொறுப்பு முதல் பிரதிவாதியுடையது, காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு. இன்னொரு உயிரைக் காப்பாற்றப் போனவளைத் தானாக ஆபத்தை ஏற்றவள் என்று சொல்ல முடியாது என்றும் இருந்தது. காப்பீட்டு நிறுவனம் ஹைகோர்ட்டுக்குப் போனது. அங்கேயும் தீர்ப்பு நின்றது.

அந்த வாரம் ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"நான் கவனக்குறைவா இருந்தேன்னு யாரும் சொல்லலைன்னு தீர்ப்புல எழுதியிருக்காங்க டீச்சர். என் பொண்ணு அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வெச்சிருக்கா" என்றார். பிறகு, கம்பெனியைத் தொழிற்பேட்டைக்கு மாற்றிக்கொண்டு போவதாகச் சொன்னார். "தப்பு இல்லைன்னாலும் பொறுப்பு என்னுதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. அப்புறம் வீடுங்க நடுவுல வெச்சிகிட்டு எப்படித் தூங்கறது?"

அவர் போன பிறகு, கம்பெனியை இடம் மாற்ற வைக்கவும் சட்டத்தால் முடிகிறது என்று தங்கையிடம் சொன்னேன். "அதுக்குத்தான்க்கா அந்த விதியே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் டீ போடப் போனாள்.

நான் திரும்பவும் பள்ளிக்குப் போகிறேன். காலர் மைக் மாட்டிக்கொண்டு பாடம் எடுக்கிறேன். முதல் வாரம் பிள்ளைகள் என் குரலைக் கேட்டு மிரண்டார்கள், இப்போது பழகிவிட்டது. கொயரில் பாடுவதில்லை. பாடாமல் நிற்கிற ஞாயிறுகளில் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. எந்தத் தீர்ப்பும் அதைச் சரிசெய்யாது.

போன மாதம் ஒருநாள் தங்கையைப் பார்த்துவிட்டுச் செங்கல்பட்டிலிருந்து திரும்பும் ரயிலில் எதிர் சீட்டில் இரண்டு ஜூனியர் வக்கீல்கள் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பையில் வைத்திருந்தார்கள்.

"மச்சான், அந்த ஐஸ் கம்பெனி கேஸ் படிச்சியா? அந்த மேடம் நெக்லிஜென்ஸே பிளீட் பண்ணலடா. எதிர்பார்ட்டி ரொம்ப கவனமா இருந்தார்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"லூசா அவங்க?"

"ஹைகோர்ட்டு வரைக்கும் ஜெயிச்சாங்க."

இன்னொருவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "செம தில்லுடா" என்றான்.

பொதுவாக ரயிலில் நான் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவதில்லை, அதுவும் இந்தக் குரலில். ஆனால் அன்று சும்மா இருக்க முடியவில்லை. முன்னால் சாய்ந்து, "அது என் தங்கச்சி" என்றேன்.